நட்டம் யார் கணக்கில்? வாசகர் கேள்விகளும் பதில்களும்

பணியிடத்தில் நேர்மையும் லாபமும் சேர்ந்து போக முடியுமா என்பது பற்றி வந்த கடிதங்களில் சிலவற்றுக்கு இந்த இதழில் பதில் எழுதியிருக்கிறேன். எழுதியவர்களின் நலன் கருதி அவர்களுடைய பெயரையும் நிறுவனத்தையும் குறிப்பிடவில்லை. நீண்ட கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன்.

கேள்வி: நுகர்பொருள் நிறுவனம் ஒன்றில் விற்பனை மேலாளராக இருக்கிறேன். காலாண்டு முடியும் வாரத்தில், விநியோகஸ்தர்கள் கேட்காத சரக்கையும் அவர்கள் பெயரில் பில் போட்டு அனுப்பச் சொல்கிறார்கள். விற்காவிட்டால் திருப்பி எடுத்துக்கொள்வோம் என்று வாய்மொழியாக உறுதி கொடுக்கவும் சொல்கிறார்கள். நான் தயங்கினால், "கம்பெனி நடத்துவதே லாபத்துக்காகத்தான்" என்கிறார் மேலதிகாரி. அவர் சொல்வதில் என்ன தவறு?

பதில்: நிறுவனம் லாபத்துக்காகத்தான் நடக்கிறது என்பதில் எனக்கு எந்த மறுப்பும் இல்லை. லாபம் ஈட்டாத நிறுவனத்தால் சம்பளம் கொடுக்க முடியாது, வாங்கிய கடனை அடைக்க முடியாது, நாளைய பொருளுக்காக இன்று செலவழிக்கவும் முடியாது. உங்கள் மேலதிகாரி பிசகும் இடம் வேறு. அவர் உங்களைச் செய்யச் சொல்லும் காரியத்தில் லாபமே இல்லை.

அந்தக் கடைசி வாரத்தில் நடப்பதைச் சற்று அருகில் நின்று பாருங்கள். விநியோகஸ்தரின் கிடங்கில் போன மாதச் சரக்கே பாதி விற்காமல் கிடக்கிறது. உங்கள் லாரி வந்து நிற்கிறது. இறக்க இடமில்லாமல் பெட்டிகள் நடைவழியில் அடுக்கப்படுகின்றன. பல வருடப் பழக்கத்துக்காக அவர் ரசீதில் கையெழுத்துப் போடுகிறார். உங்கள் நிறுவனத்தின் கணினியில் அது விற்பனையாகப் பதிவாகிவிடுகிறது. அடுத்த காலாண்டின் முதல் வாரத்தில் அதே பெட்டிகள், சேதம் என்றோ அனுப்பியதில் தவறு என்றோ ஏதோ ஒரு காரணம் எழுதப்பட்டுத் திரும்பி வருகின்றன. போக வர லாரி வாடகை, ஏற்று இறக்குக் கூலி, காலாவதித் தேதி நெருங்கிவிட்ட சரக்கு, விநியோகஸ்தரிடம் முடங்கிய பணம் என்று செலவு மட்டும் பல இடங்களில் ஆகியிருக்கிறது. வரவு என்று எதுவும் இல்லை. புதிய காலாண்டைப் பள்ளத்திலிருந்து தொடங்குகிறீர்கள் என்பதால், அதன் கடைசி வாரத்தில் முன்னைவிட அதிகமான பெட்டிகளை ஏற்ற வேண்டியிருக்கும்.

இந்த வழியில் போன நிறுவனங்களின் வரலாறு நம் முன்னால் இருக்கிறது. அமெரிக்காவின் சன்பீம் என்ற வீட்டு உபயோகப் பொருள் நிறுவனம், கோடையில் வீட்டுத் தோட்டத்தில் வைத்துச் சமைக்கும் அடுப்புகளைக் குளிர்காலத்திலேயே கடைகளுக்கு விற்றதாகக் கணக்கு எழுதியது. சரக்கு கடைகளுக்குப் போகாமல் கிடங்குகளிலேயே இருந்தது. 1997-இல் அந்த நிறுவனம் அறிவித்த 18.9 கோடி டாலர் லாபத்தில் குறைந்தது 6 கோடி டாலர் கணக்கு மோசடியால் வந்தது என்று அந்த நாட்டின் பங்குச் சந்தைக் கட்டுப்பாட்டு ஆணையம் பின்னாளில் குற்றம்சாட்டியது. 1998 ஜூனில் தலைமை நிர்வாகியை இயக்குநர் குழு நீக்கியது. 2001 பிப்ரவரியில் நிறுவனம் திவால் பாதுகாப்புக் கோரி நீதிமன்றம் சென்றது. எல்லா நட்டமும் அந்த அடுப்புகளுக்குள்ளேயே இருந்தது. ஓராண்டு காலம் அதை வேறு யாரோ சுமந்தார்கள், அவ்வளவுதான்.

லாபமே நிறுவனத்தின் கடமை என்பதற்கு எல்லோரும் மேற்கோள் காட்டும் பொருளியலாளர் மில்டன் ஃப்ரீட்மன். 1970-இல் அவர் நியூயார்க் டைம்ஸ் இதழில் எழுதிய கட்டுரையில், ஆட்டத்தின் விதிகளுக்கு உட்பட்டு, ஏமாற்றும் மோசடியும் இல்லாமல், வெளிப்படையான போட்டியில் ஈட்டப்படும் லாபத்தைத்தான் பேசினார். அந்த நிபந்தனையை விட்டுவிட்டு வாக்கியத்தின் முன்பாதியை மட்டும் சொல்பவர்கள், அவரைவிட வெகுதூரம் போய்விடுகிறார்கள்.

நீங்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. வாய்மொழியாகக் கொடுக்கச் சொல்லும் அந்த உறுதியை எழுத்தில் கொடுக்க அனுமதி கேளுங்கள். திருப்பித் தரும் உரிமையோடு விற்ற சரக்கில், திரும்பி வரும் என்று எதிர்பார்க்கும் பகுதியை வருவாயாகக் காட்டக் கூடாது என்பது சர்வதேசக் கணக்கியல் விதி; 2018 முதல் நடைமுறையில் உள்ள ஐ.எஃப்.ஆர்.எஸ். 15 அதைத் தெளிவாகவே சொல்கிறது. ஆகவே நிதிப் பிரிவுத் தலைவருக்கு ஒரு மின்னஞ்சல் எழுதி, இந்த நிபந்தனையோடு அனுப்பும் சரக்கை எப்படிப் பதிவு செய்வது என்று கேளுங்கள். இது குற்றச்சாட்டு அன்று. வேலை தெரிந்த ஒருவர் கேட்கும் நியாயமான ஐயம். பெரும்பாலான இடங்களில் வாய்மொழி உத்தரவுகள் எழுத்துக்கு வர மறுத்துப் பின்வாங்கிவிடும்.

கேள்வி: நிர்வாகவியல் மாணவி நான். டைலனால் மாத்திரை விவகாரத்தை உதாரணமாகக் காட்டி, நேர்மையே நீண்டகால லாபம் என்று வகுப்பில் கற்பிக்கிறார்கள். இது எல்லா இடத்திலும் உண்மையா?

பதில்: எல்லா இடத்திலும் உண்மையில்லை. அதை மாணவர்களிடம் மறைக்கக் கூடாது என்பது என் உறுதியான எண்ணம்.

நடந்தது இதுதான். 1982-இல் சிகாகோ வட்டாரத்தில், கடைகளில் இருந்த டைலனால் மாத்திரைக் குப்பிகளில் யாரோ சயனைடு கலந்ததால் 7 பேர் இறந்தார்கள். தயாரிப்பில் தவறில்லை என்று தெரிந்தும், ஜான்சன் அண்ட் ஜான்சன் நிறுவனம் நாடு முழுவதிலிருந்தும் சுமார் 3.1 கோடி குப்பிகளைத் திரும்பப் பெற்றது. அதற்கு 10 கோடி டாலருக்கு மேல் செலவானது. பிறகு, திறந்தால் தெரிந்துவிடும்படியான மூடி முத்திரைகளோடு மாத்திரை மறுபடியும் சந்தைக்கு வந்தது. சரிந்த விற்பனையில் பெரும்பகுதி ஓராண்டுக்குள் மீண்டது.

இந்த முடிவைத் தெரிந்துகொண்டு கதையைக் கேட்கும் நமக்கு, அந்த முடிவு தெரியாமல் தீர்மானம் எடுத்தவர்களின் நிலை புரிவதில்லை. அந்தப் பெயரில் இனி ஒரு மாத்திரைகூட விற்காது என்று விளம்பரத் துறையினர் சிலர் அப்போது வெளிப்படையாகவே சொன்னார்கள். அது பலித்திருந்தாலும், குப்பிகளைத் திரும்பப் பெற்றது சரியான செயலாகவே இருந்திருக்கும். பாடநூலில் மட்டும் இடம் பிடித்திருக்காது. நேர்மையாக நடந்து, சந்தையில் தோற்று, பெயர் தெரியாமல் மூடப்பட்ட நிறுவனங்களைப் பற்றி யாரும் பாடம் நடத்துவதில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பிற்காலத்தில் இதே நிறுவனம், தன் குழந்தைகள் பவுடர் புற்றுநோய்க்குக் காரணமானது என்று பல்லாயிரக்கணக்கான வழக்குகளைச் சந்தித்தது. குற்றச்சாட்டை நிறுவனம் மறுக்கிறது. ஆனாலும் டால்க் என்ற கனிமப் பொடி கலந்த பவுடர் விற்பனையை 2023-இல் உலகம் முழுவதும் நிறுத்திக்கொண்டது. ஒரு முறை சரியாக நடந்துகொண்ட நிறுவனத்துக்கு அடுத்த முறைக்கான உத்தரவாதம் எதுவும் சேர்ந்துவிடுவதில்லை. எனவே உங்கள் வகுப்பில் நான் வைக்க விரும்பும் கேள்வி வேறு. இந்தத் தீர்மானத்தால் வரும் நட்டத்தை யார் ஏற்பது, தெரிந்தே ஏற்கும் நாமா, தெரியாமல் மாத்திரை வாங்கும் வாடிக்கையாளரா? 1982-இல் அந்த நிர்வாகிகள் நட்டத்தைத் தங்கள் கணக்கில் எழுதிக்கொண்டார்கள். நான் மதிப்பது அதைத்தான். பின்னால் வந்த லாபத்தை அல்ல.

கேள்வி: சிறிய பொறியியல் நிறுவனம் நடத்துகிறேன். டெண்டர்களில் போட்டியாளர்கள் கமிஷன் கொடுத்து வேலையை வாங்கிவிடுகிறார்கள். நான் கொடுக்காததால் இரண்டு பெரிய ஒப்பந்தங்கள் கை நழுவின. என்னிடம் வேலை செய்பவர்களுக்குச் சம்பளம் கொடுக்க வேண்டாமா?

பதில்: கொடுக்கத்தான் வேண்டும். உங்கள் கேள்வியில் இருக்கும் வேதனையைச் சில அறிவுரை வாக்கியங்களால் கடந்துபோக எனக்கு மனமில்லை. நேர்மைக்காக நீங்கள் விலை கொடுத்துக்கொண்டிருக்கிறீர்கள். அந்த விலை உண்மையானது.

இருந்தாலும் கமிஷன் என்பது ஒரு முறை கொடுத்து முடிந்துவிடும் செலவில்லை என்பதை ஒரு தொழில்முனைவோராக எடை போடுங்கள். கொடுத்தவர் அந்தத் தொகையை வேலையிலிருந்துதான் எடுத்தாக வேண்டும்: கம்பியின் தடிமனில், வெல்டிங்கின் தரத்தில், சோதனை செய்யாமலே எழுதப்படும் சோதனைச் சான்றிதழில். வாங்கியவருக்கோ அடுத்த முறை கூடுதலாகக் கேட்க வழி கிடைத்துவிடுகிறது. கொடுத்ததைக் கணக்கில் மறைக்கப் போலி வவுச்சர் வேண்டும். போலி வவுச்சர் போடத் தெரிந்த ஊழியர் வேண்டும். அப்படிப் போடப் பழகியவர் ஒரு நாள் உங்களுக்காக மட்டும் போட மாட்டார்.

பெரிய அளவில் இது எப்படி முடிந்தது என்பதற்கு ஜெர்மனியின் சீமென்ஸ் நிறுவனம் சான்று. வெளிநாட்டு அதிகாரிகளுக்குக் கொடுக்கும் லஞ்சத்தை வரிக் கணக்கில் செலவாகக் காட்டலாம் என்ற நிலை ஜெர்மனியில் 1999 வரை இருந்தது. சட்டம் மாறிய பிறகும் அந்த நிறுவனத்தின் சில பிரிவுகளில் பழக்கம் மாறவில்லை. 2008-இல் அமெரிக்கா, ஜெர்மனி இரு நாடுகளுக்கும் சேர்த்துச் சுமார் 160 கோடி டாலர் அபராதம் கட்ட வேண்டியதாயிற்று, தலைமை மாறியது. அதற்குப் பிறகும் சீமென்ஸ் பெரிய நிறுவனமாகவே நீடிக்கிறது, லாபமும் ஈட்டுகிறது. லஞ்சம் இல்லாவிட்டால் வியாபாரமே இல்லை என்று உள்ளே நம்பியவர்களின் கணிப்பு பொய்த்தது.

உங்கள் அளவிலான நிறுவனத்துக்கு நான் சொல்லக்கூடியது: ஒரே வாங்குநரை, அதிலும் டெண்டர் வழியாக மட்டும் வாங்குபவரை நம்பியிருக்கும் விகிதத்தைப் படிப்படியாகக் குறையுங்கள். வெளிநாட்டு லஞ்சத் தடைச் சட்டங்களுக்குக் கட்டுப்பட்ட பெரிய நிறுவனங்கள் தங்கள் ஒப்பந்ததாரர்களின் கணக்கையும் சோதிக்கின்றன. அமெரிக்காவின் 1977-ஆம் ஆண்டுச் சட்டமும் பிரிட்டனின் 2010-ஆம் ஆண்டுச் சட்டமும் அவர்களை அந்தக் கட்டாயத்தில் வைத்திருக்கின்றன. அப்படிப்பட்ட வாங்குநரிடம் உங்கள் சுத்தமான கணக்குப் புத்தகம் ஒரு தகுதிச் சான்றாக இருக்கும். இந்த மாற்றம் ஒரே வருடத்தில் நடந்துவிடாது. அதுவரை நிறுவனம் சிறியதாகவே இருக்கலாம். அதைத் தோல்வியாக நான் கருதவில்லை.

கேள்வி: எங்கள் அலுவலகச் சுவரெங்கும் மதிப்பீடுகள் எழுதிய பலகைகள் இருக்கின்றன. யாரும் அவற்றைப் படிப்பதுகூட இல்லை. ஏன்?

பதில்: படித்துவிட்டார்கள், அதனோடு சம்பள உயர்வுப் பட்டியலையும் படித்துவிட்டார்கள். இரண்டும் ஒத்துப்போகாதபோது ஊழியர்கள் நம்புவது பட்டியலைத்தான். அமெரிக்காவின் எரிசக்தி நிறுவனமான என்ரான் மரியாதை, நேர்மை, தகவல் பரிமாற்றம், மேன்மை என்ற நான்கையும் தன் மதிப்பீடுகளாக அறிவித்திருந்தது. ஆனால் 1999-இல் நிதித் தலைவர் தானே நடத்தும் கூட்டு முதலீட்டு அமைப்புகளோடு நிறுவனம் வியாபாரம் செய்வதற்காக, அதன் இயக்குநர் குழு தன் நடத்தை விதியை அவருக்கு மட்டும் தளர்த்தியது. 2001 டிசம்பரில் நிறுவனம் திவாலானது. உங்கள் அலுவலகத்தில் கடைசியாகப் பதவி உயர்வு பெற்ற மூவர் யார், எதற்காகப் பெற்றார்கள் என்று பாருங்கள். நிறுவனத்தின் உண்மையான மதிப்பீடுகள் அங்கே இருக்கும்.

கேள்வி: ஆயத்த ஆடை பிராண்டு ஒன்றின் கொள்முதல் பிரிவில் பணிபுரிகிறேன். தொழிற்சாலை எங்களுடையது அல்ல. தொழிலாளர்களும் எங்கள் ஊழியர்கள் அல்லர். அவர்களுடைய பாதுகாப்புக்கும் கூலிக்கும் நாங்கள் எப்படிப் பொறுப்பாக முடியும்?

பதில்: 2013 ஏப்ரல் 23 அன்று, வங்கதேசத்தில் டாக்கா அருகே சாவர் என்ற இடத்தில் இருந்த ராணா பிளாசா கட்டடத்தின் சுவர்களிலும் தூண்களிலும் விரிசல்கள் தெரிந்தன. கீழ்த் தளங்களில் இருந்த வங்கிக் கிளை தன் ஊழியர்களை வெளியேற்றியது; கடைகள் மூடப்பட்டன. மேல் தளங்களில் இருந்த ஆயத்த ஆடைத் தொழிற்சாலைகள் மறுநாள் காலை தொழிலாளர்களை வேலைக்கு வரச் சொல்லின. வராவிட்டால் சம்பளம் கிடைக்காது என்றும் மிரட்டின. அன்று காலை மின்சாரம் போனது; மேல் தளங்களில் இருந்த ஜெனரேட்டர்கள் ஓடத் தொடங்கின; சற்று நேரத்தில் எட்டு மாடிக் கட்டடம் இடிந்து விழுந்தது. 1,134 பேர் இறந்தார்கள்.

ஒரே கட்டடம், ஒரே விரிசல். வங்கி ஊழியர் வீட்டுக்குப் போனார், தையல் தொழிலாளி தன் இயந்திரத்தின் முன்னால் போய் உட்கார்ந்தார். இந்த வேறுபாடு எங்கிருந்து வந்தது என்று யோசியுங்கள். ஒரு நாள் உற்பத்தி நின்றால் தாங்கக்கூடிய இடைவெளி வங்கிக்கு இருந்தது. தொழிற்சாலைக்கு அது இல்லை. அனுப்ப வேண்டிய தேதி நெருங்கியிருந்தது, தாமதமானால் அபராதம், அல்லது ஆர்டரே ரத்து. தொழிற்சாலை முதலாளிகளின் குற்றத்தை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் அந்த இடைவெளியை ஒவ்வொரு பருவத்திலும் கொஞ்சம் கொஞ்சமாகச் சுரண்டி எடுத்தது கொள்முதல் மேசை. அந்த மேசையில் நீங்கள் உட்கார்ந்திருக்கிறீர்கள்.

துணியின் நிறத்தைக் கடைசி நேரத்தில் மாற்றிவிட்டு, சரக்கு சேர வேண்டிய தேதியை மட்டும் மாற்றாமல் விடும் மின்னஞ்சலை நினைத்துப் பாருங்கள். அதை எழுத உங்களுக்கு ஒரு நிமிடம் போதும். அந்த மாற்றத்துக்கு ஆகும் நேரத்தை யாரோ இரவில் விழித்துத் தைத்துக் கொடுக்கிறார்கள். பிராண்டின் கணக்கில் அது செலவாக வருவதில்லை. செலவு இல்லை என்றே அங்கே எல்லோரும் நம்புகிறார்கள். உங்கள் பிராண்டு காட்டும் லாபத்தில் ஒரு பகுதி இப்படி எழுதப்படாத செலவுதான்.

மாற்ற முடியும் என்பதற்கும் இதே விபத்து சாட்சி. 2013 மே மாதம் பிராண்டுகளும் தொழிற்சங்கங்களும் கையெழுத்திட்ட ஒப்பந்தம், சட்டப்படி அவர்களைக் கட்டுப்படுத்துவதாகவும், சுதந்திரமான ஆய்வாளர்கள் கட்டடங்களைச் சோதிப்பதாகவும் அமைந்தது. பின்னர் 200-க்கு மேற்பட்ட பிராண்டுகள் அதில் இணைந்தன. தொழிற்சாலை எங்களுடையது அல்ல என்ற வாதத்தைக் கையெழுத்திட்டவர்களே கைவிட்டார்கள். உங்கள் அதிகாரத்துக்கு உட்பட்டது சிறியதாக இருக்கலாம். ஆர்டரை மாற்றினால் தேதியையும் மாற்றுவது, கூலிச் செலவை விலைபேசும் பட்டியலில் தனி வரியாக எழுதி அந்த வரியில் மட்டும் பேரம் பேசாமல் இருப்பது, இந்த இரண்டையும் நாளைக்கே தொடங்கலாம்.

கேள்வி: மென்பொருள் சேவை நிறுவனத்தில் குழுத் தலைவராக இருக்கிறேன். வீட்டிலிருந்து வேலை செய்பவர்களின் கீபோர்டு, மவுஸ் அசைவுகளைக் கண்காணிக்கும் மென்பொருளை நிர்வாகம் நிறுவியிருக்கிறது. உற்பத்தித் திறன் உயரும் என்கிறார்கள். எனக்கு ஒப்பவில்லை, எப்படி எடுத்துச் சொல்வது?

பதில்: எண்ணிக்கையில் தொடங்குங்கள், உங்கள் நிர்வாகம் அதைத்தான் கேட்கும். அளப்பது எதுவோ அதுதான் பெருகும். அமெரிக்காவின் வெல்ஸ் ஃபார்கோ வங்கி, ஒரு வாடிக்கையாளர் குடும்பத்துக்கு எட்டு சேவைகள் என்று இலக்கு வைத்தது. ஊழியர்கள் வாடிக்கையாளருக்கே தெரியாமல் அவர் பெயரில் கணக்குகளைத் திறந்தார்கள். 2016-இல் 18.5 கோடி டாலர் அபராதம். அதற்கு முந்தைய சில ஆண்டுகளில் சுமார் 5,300 ஊழியர்கள் வேலை நீக்கம். 2020-இல் அரசோடு 300 கோடி டாலருக்கு உடன்பாடு. கடும் இலக்கின் சுமையைத் தாங்க முடியாமல் பொய் எழுதிய கீழ்நிலை ஊழியர்களே முதலில் வேலையிழந்தார்கள். இலக்கை வைத்தவர்கள் மேல் நடவடிக்கை வரத் தாமதமாயிற்று. 2024-இல் அதே வங்கி, கீபோர்டு இயங்குவதுபோலப் போலியாகக் காட்டியதற்காகப் பத்துக்கு மேற்பட்ட ஊழியர்களை நீக்கியது. அசைவை அளந்தார்கள், அசைவு கிடைத்தது. அதில் வேலை எவ்வளவு என்று அந்த அளவுகோலுக்குத் தெரியாது.

அடுத்து சட்டம். பிரான்சின் தனியுரிமைக் கண்காணிப்பு ஆணையம் 2023 டிசம்பரில், அமேசானின் கிடங்குப் பிரிவுக்கு 3.2 கோடி யூரோ அபராதம் விதித்தது. ஊழியரின் கையில் உள்ள ஸ்கேனர் பத்து நிமிடம் ஓய்ந்திருந்தால் ஒரு பதிவு. முந்தைய பொருளுக்கு அடுத்து 1.25 விநாடிக்குள் இன்னொன்றை ஸ்கேன் செய்தால், அதிவேகம் பிழைக்கு வழி என்று இன்னொரு பதிவு. மெதுவாக இருந்தாலும் கேள்வி, வேகமாக இருந்தாலும் கேள்வி. இந்த அளவு நுணுக்கமான கண்காணிப்பு அளவுக்கு மீறியது என்று ஆணையம் கருதியது.

நிர்வாகத்திடம் மூன்று விவரங்களைக் கேளுங்கள்: இந்தத் தகவலை யார் பார்க்கிறார்கள், எத்தனை நாள் வைத்திருக்கிறார்கள், இதை வைத்துச் சம்பளமோ வேலையோ தீர்மானிக்கப்படுமா. பதில் எழுத்தில் வரட்டும், குழுவினர் அனைவருக்கும் தெரியட்டும். கூடவே, உங்கள் குழு முடித்துக் கொடுத்த பணிகள், அவற்றில் திரும்பி வந்த பிழைகள், வாடிக்கையாளர் புகார்கள் ஆகியவற்றை நீங்களே அளந்து வைத்துக்கொள்ளுங்கள். நல்ல அளவுகோல் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு பேசுபவரின் மறுப்புக்கு மதிப்பு உண்டு.

கேள்வி: கணக்குப் பிரிவில் சேர்ந்து இரண்டு வருடம் ஆகிறது. இந்த வருடச் செலவு ஒன்றைச் சொத்தாக மாற்றிப் பதியச் சொல்கிறார் மேலாளர். "இந்த ஒரு தடவைதான், பொறுப்பு என்னுடையது" என்கிறார். வீட்டில் என் சம்பளத்தை நம்பித்தான் எல்லாம். என்ன செய்வது?

பதில்: இந்த இதழின் கடிதங்களில் என்னை அதிகம் கவலைப்பட வைத்தது உங்களுடையது. அதனால் விரிவாகவே சொல்கிறேன்.

2000-ஆம் ஆண்டின் மூன்றாம் காலாண்டில் வேர்ல்ட்காம் என்ற அமெரிக்கத் தொலைத்தொடர்பு நிறுவனத்தில், இடைநிலைப் பொறுப்பில் இருந்த ஒரு கணக்காளரிடம் 82.8 கோடி டாலர் செலவைக் குறைத்துக் காட்டும்படி பதிவு செய்யச் சொன்னார்கள். அது முறையல்ல என்று அவருக்குத் தெரியும். அவர் குடும்பமும் அவருடைய சம்பளத்தைத்தான் பெரிதும் நம்பியிருந்தது. பதிவைச் செய்துவிட்டு, மனம் பொறுக்காமல் ராஜினாமா கடிதம் எழுதினார். நிதித் தலைவர் அழைத்துப் பேசினார்: இது கடைசி, நிலைமை சீராகிவிடும், பொறுப்பு என்னுடையது. கடிதம் கொடுக்கப்படவில்லை. அடுத்த காலாண்டில் மறுபடியும் அழைப்பு வந்தது, அதற்கு அடுத்ததிலும் வந்தது. பிறர் கம்பிவடங்களைப் பயன்படுத்தக் கொடுக்கும் கட்டணம் என்ற அன்றாடச் செலவே, லாபம் கூடித் தெரியும்படி, சொத்தாக மாற்றி எழுதப்பட்டது. உங்களிடம் இப்போது கேட்பதும் அதே வகைப் பதிவுதான். 2002-இல் அந்த நிறுவனத்தின் உள்தணிக்கைக் குழு, பெரும்பாலும் இரவில் யாருக்கும் தெரியாமல் வேலை செய்து அதைக் கண்டுபிடித்தது. நிறுவனம் திவாலானது. தலைமை நிர்வாகிக்கு 25 ஆண்டுச் சிறை. அந்தக் கணக்காளருக்கும் 5 மாதச் சிறை விதிக்கப்பட்டது. உத்தரவுக்குக் கீழ்ப்படிந்தேன் என்பது அவரைக் காப்பாற்றவில்லை.

ஆகவே பொறுப்பு என்னுடையது என்று உங்கள் மேலாளர் சொல்வதற்குச் சட்டத்தில் பொருள் இல்லை. பதிவில் இருக்கப்போவது உங்கள் பயனர் பெயர். சரிவு வரும்போது அவர் தன் பங்கை ஏற்பார் என்றே வைத்துக்கொண்டாலும், உங்கள் பங்கை அவரால் ஏற்க முடியாது.

முதலில், இது உண்மையிலேயே தவறா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். சில செலவுகளைச் சொத்தாகப் பதிய விதியே இடம் கொடுக்கிறது. கட்டுமானச் செலவு, சில மென்பொருள் உருவாக்கச் செலவுகள் அந்த வகை. எந்த விதியின் கீழ் இதைச் சொத்தாகக் கருதுகிறோம் என்று மேலாளரிடம் பணிவாகக் கேளுங்கள்: "சார், தணிக்கையாளர் கேட்டால் நான் காட்ட ஒரு குறிப்பு வேண்டும்." நியாயமான காரணம் இருந்தால் இரண்டு வரியில் பதில் வந்துவிடும். கோபம் வந்தால், அதுவே உங்களுக்கு ஒரு தகவல்.

காரணம் இல்லையென்றால் பதிவைச் செய்யாதீர்கள். செய்ய மாட்டேன் என்று சவால் விடவும் வேண்டாம். இந்த ஆதாரத்தை வைத்து என்னால் பதிய இயலவில்லை என்று சொன்னால் போதும். பேச்சு நடந்த தேதி, நேரம், சொல்லப்பட்ட சொற்கள் ஆகியவற்றை அன்றைக்கே உங்கள் சொந்தக் குறிப்பில் எழுதி வையுங்கள். நிறுவனத்தின் ரகசிய ஆவணங்களைச் சொந்த மின்னஞ்சலுக்கு அனுப்பாதீர்கள். உண்மை உங்கள் பக்கம் இருக்கும்போதே ஒரு தனிக் குற்றச்சாட்டுக்கு நீங்கள் ஆளாக அது வழி செய்துவிடும்.

பிறகு உள்தணிக்கைப் பிரிவு, அது இல்லாவிட்டால் இயக்குநர் குழுவின் தணிக்கைக் குழு, அல்லது நிறுவனத்தின் புகார் எண். தனியாகப் புகார் செய்து என்ன பயன் என்று தோன்றலாம். சான்று பெற்ற மோசடி ஆய்வாளர்களின் சர்வதேசச் சங்கம் 2024-இல் வெளியிட்ட அறிக்கைப்படி, வெளிவந்த பணியிட மோசடிகளில் 43 சதவீதம் யாரோ கொடுத்த தகவலால் வெளிவந்தவை; அத்தகவல்களில் பாதிக்கு மேல் ஊழியர்கள் கொடுத்தவை. கணினியும் வெளித்தணிக்கையும் கண்டுபிடித்தவை அதைவிட மிகக் குறைவு. தகவல் தருபவரைப் பாதுகாக்கும் சட்டங்கள் பல நாடுகளில் இருக்கின்றன. ஐரோப்பிய ஒன்றியம் 2019-இல் அதற்கென ஒரு பொதுவிதியே இயற்றியது. ஆனால் பாதுகாப்பின் அளவு நாட்டுக்கு நாடு வேறுபடும் என்பதால், நிறுவனத்துக்கு வெளியே யாரிடமும் போகும் முன்னால் தொழிலாளர் சட்டம் தெரிந்த ஒரு வழக்கறிஞரைப் பாருங்கள்.

வேலை போகுமா என்று கேட்கிறீர்கள். போகாது என்று நான் உறுதி சொல்ல முடியாது. ஆகவே இன்றிலிருந்தே மூன்று மாதச் செலவுக்கான பணத்தைச் சேர்க்கத் தொடங்குங்கள், உங்கள் தன்விவரக் குறிப்பைப் புதுப்பித்துத் தெரிந்தவர்களுக்கு அனுப்புங்கள், வீட்டில் விஷயத்தைச் சொல்லிவிடுங்கள். வேறு வழியே இல்லை என்ற அச்சத்தில்தான் பலர் முதல் பதிவைச் செய்கிறார்கள். அந்த முதல் பதிவு இன்னும் உங்கள் பெயரில் இல்லை. வழக்கறிஞரைப் பார்க்கப் போகும்போது தேதியிட்ட குறிப்புகளோடு உங்கள் நியமனக் கடிதத்தையும் எடுத்துச் செல்லுங்கள். அவர் முதலில் கேட்பது அதைத்தான்.